பதிவாளர் பேரில்

மேலகரம், தென்காசி
6 நவம்பர் 2025

தளவாய்க்கு,

போனில் பேசினால் நீயும் கத்துவாய், நானும் கத்துவேன், பாதியில் யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். போன வாரம் அதுதானே நடந்தது? ஆபீஸ் மெயிலில் எழுதலாம் என்றால் அதன் பாஸ்வேர்டு எங்கள் பிரிவுக்கு டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதம். முழுசாகப் படி.

அனுசியா என்று ஒரு பிள்ளை. பி.எஸ்சி. கடைசி வருஷம், ஊர் ராயகிரி. அப்பா இல்லை, சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். தீபாவளி லீவு முடிந்து ஐந்தருவி ரோட்டில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழக விடுதிக்குப் பெட்டியோடு வந்தவளிடம் அறை இல்லை என்றுவிட்டார்கள். "நீதான் படிப்ப விட்டு விலகிட்டியேம்மா" என்றாளாம் வார்டன். அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். விடுதி, விடுப்பு, விலகல் படிவங்களை எல்லாம் இப்போது சோதனையாக உன் மென்பொருளில்தானே விட்டிருக்கிறோம். திறந்து பார்த்தேன். அவள் பேரில் விலகல் படிவம் வந்து, எல்லாக் கட்டமும் தாண்டி, ஏற்கப்பட்டிருக்கிறது. 'ஒப்புதல் அளித்தவர்: மாரிச்செல்வி, கண்காணிப்பாளர், மாணவர் பிரிவு' என்று என் பெயர் கொட்டை எழுத்தில் நிற்கிறது.

ஒப்புதல் பட்டனை நான் அமுக்கவில்லை தளவாய். அந்தத் தேதியில் நான் ஆபீசிலேயே இல்லை. அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இருந்தேன். உனக்கே தெரியும், நீதான் வரவில்லை.

படிவத்தை அனுப்பியவளும் அவள் இல்லை. சித்தப்பாவின் வேலை அது. பதிவு எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று வைத்திருக்கிறாயே, அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டாராம், இவள் படித்து முடிக்கிறவரை அவருக்குப் பொறுமை இல்லை. பரீட்சை 24ஆம் தேதி ஆரம்பம். விலகியவளுக்கு ஹால் டிக்கெட் எப்படி வரும்?

நீ இந்த மென்பொருளை விற்க வந்த அன்றே 'இவன் என் தம்பி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலிருந்து ஒதுங்கிக்கொண்டேன். அதற்கே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். இப்போது ஆபீசில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? "அக்காளும் தம்பியும் சேந்துக்கிட்டு என்னமோ பண்ணுதாவ." என் காதுபடவே.

எனக்கு ஒன்றே ஒன்று போதும். உன் சர்வரைப் பார்த்து, என் பெயரில் அமுக்கியது யார் என்று சொல்.

மாரிச்செல்வி


கோவை
10 நவம்பர் 2025

அக்காவுக்கு,

'ஐயா, பொருள், பார்வை' என்று போட்டுத் தொடங்கியிருக்கலாம் நீ. கடிதம் முழுக்க மெமோ வாசனை.

சர்வரைப் பார்த்தேன். உன் பெயர்தான் இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மறைக்கிறேன் என்று நினைக்காதே, உண்மையிலேயே இல்லை. ஏன் இல்லை என்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள்.

உங்கள் ஆபீசுக்கு முதல் தடவை வந்தபோது பதிவாளரின் பி.ஏ. பரமசிவன் அண்ணாச்சி டிராயரைத் திறந்து, பதிவாளரின் கையெழுத்து வெட்டிய ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினார். "பெரியவர் மீட்டிங்கு, கோயில் கொடைன்னு அலைஞ்சிக்கிட்டு இருப்பாவ. அவிய பேர்ல நாந்தான் எல்லாத்தையும் தள்ளிவிடுதேன். லீவுல போற ஆபீசர்மார் பேர்லயும் அப்படித்தான். இது உங்க கம்ப்யூட்டர்ல வருமா தம்பி?" என்று கேட்டார். வரும் என்றேன். 'பேரில் ஒப்புதல்' என்று ஒரு பட்டன் செய்து கொடுத்தேன். அமுக்கினால் அந்த அதிகாரியின் பெயர் விழும். அமுக்கிய ஆளின் பெயர் விழாது. அப்படித்தான் கேட்டார்கள்.

எனக்குப் போட்டியாக வந்த பெங்களூர் கம்பெனிக்காரன் அதெல்லாம் முடியாது என்றுவிட்டான். ஒவ்வொரு அதிகாரியும் தன் போனுக்கு வரும் ஓடிபியைத் தானே போட்டால்தான் கோப்பு நகருமாம். "பெரியவர் போனத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா முடியும்?" என்று உங்கள் ஆட்கள்தான் சிரித்தார்கள். மாணவர்களுக்கும் ஓடிபி வேண்டாம், மழை வந்தால் ஐந்தருவிப் பக்கம் டவர் போய்விடும் என்று சொன்னதும் உங்கள் ஆபீஸ்தான். வாங்குகிறவர்கள் கேட்பதைச் செய்து கொடுப்பது குற்றமா? நீ ஒருத்திதான் என் வேலையில் நொட்டை சொல்கிறாய்.

ஒன்று கேட்கிறேன். உன் பாஸ்வேர்டை யாரிடமாவது சொல்லி வைத்திருக்கிறாயா?

என்னை நம்பி நல்ல வேலையை விட்டு வந்த பையன்கள் இங்கே இருக்கிறார்கள் அக்கா. எங்களுக்குக் கிடைக்கப்போகிற முதல் பல்கலைக்கழகம் இது. 21ஆம் தேதி குழு கூடி ஆர்டர் கைக்கு வரட்டும், எல்லா ஓட்டையையும் அடைத்துவிடுகிறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் பொறுத்துக்கொள்.

தளவாய்


மேலகரம்
12 நவம்பர் 2025

தளவாய்க்கு,

பொறு என்கிறாய். யார் பொறுப்பது? அந்தப் பிள்ளையா?

என் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. இங்கே எல்லாரும் பரமசிவன் அண்ணாச்சியிடம் சொல்லி வைப்பார்கள், அது அவருக்குக் கொடுக்கிற மரியாதை. சொல்ல மாட்டேன் என்றால் அவர் முகம் சுண்டிப்போகும். நான் சொல்லவில்லை, அதனால் எனக்கு 'ராங்கி பிடிச்சவ' என்று பேர். என்ன பிரயோஜனம்? உன் பட்டன் இருக்கும்போது என் பாஸ்வேர்டு எதற்கு? நான் ஆஸ்பத்திரியில் இருந்த அன்றைக்குத் தேங்கிக் கிடந்த படிவங்களை எல்லாம் அவர் என் பேரில் ஒரே மூச்சில் தள்ளிவிட்டிருக்கிறார். ஒன்றையாவது வாசித்திருப்பாரா? மாட்டார். வாசிக்காமல் தள்ளத்தானே பட்டன்! ஆனால் நான் கேட்டால், "நான் தொடவே இல்லயே, உங்க பேர்தான அங்கன இருக்கு" என்கிறார்.

அனுசியா இப்போது என் வீட்டில் இருக்கிறாள். முந்தாநாள் சித்தப்பா ரெண்டு ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். "எங்க வீட்டுப் பிள்ளைய ஒளிச்சு வச்சிருக்கியா? மரியாதையா அனுப்பி வையி" என்று தெருவே கேட்கக் கத்தினார். "இருவது வயசுப் பிள்ளை, அவ வாயால வாரேன்னு சொன்னா கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா போலீசக் கூப்பிடுதேன்" என்றேன். கதவை விட்டு நான் நகரவில்லை. அவர் போனபிறகு அந்தப் பிள்ளை, "உங்களுக்கு என்னால எவ்வளவு தொந்தரவு மேடம், நான் போயிருதேன்" என்றது. போடி மூதி, போய்ப் படி என்று திட்டினேன்.

இதைக் கேள். நேற்று பரமசிவன் அண்ணாச்சி ஒரு மெமோவோடு வந்தார். பதிவாளர் கையெழுத்து இருக்கிறது. "பெரியவர் சொல்லச் சொன்னாவ. கவனக்குறைவா நாந்தான் ஒப்புதல் குடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்திருங்க, அன்னைக்கே அந்தப் பிள்ளையத் திரும்பச் சேத்துக்கிடுவோம். நான் அமுக்கலன்னு மல்லுக்கு நின்னீயன்னா விசாரணை வைக்கணும். அது முடிய பங்குனி ஆயிரும்" என்றார். பதிவாளரை நேரில் பார்க்கப் போனேன். பெரியவர் பிசி என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

எழுதிக் கொடுத்தால் பிள்ளை பரீட்சை எழுதுவாள், என் வேலை போகும். வேலை போனாலும் பரவாயில்லை, படிவத்தைப் பார்க்காமலே மாணவியை வெளியேற்றியவள் என்ற பேரோடு போகும். எழுதிக் கொடுக்காவிட்டால் என் பேர் தப்பும், அவளைக் கல்யாணம் பண்ணி அனுப்பிவிடுவார்கள். 20ஆம் தேதி சாயங்காலம் வரை கெடு.

நீ செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 'எங்கள் மென்பொருளில் யார் அமுக்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது' என்று குழுவுக்கு ஒரு கடிதம் எழுது. உண்மை அதுதானே. அது வந்தால் என் பெயர் அங்கே இருப்பதற்கு அர்த்தமில்லை என்றாகிவிடும். உன் ஆர்டர் போகும். தெரிந்துதான் கேட்கிறேன்.

மாரிச்செல்வி


கோவை
15 நவம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆனாலும் நீ கேட்டதை என்னால் எழுத முடியாது. அப்படி ஒரு கடிதத்தை எழுதினால் இந்தப் பல்கலைக்கழகத்தோடு போகாது. குழுத் தலைவர் ஸ்ரீனிவாஸ் சாருக்குத் தமிழ்நாடு பூராவும் ஆள் தெரியும். படிவத்தைக் காப்பாற்றத் தெரியாதவன் என்று பேராகிவிட்டால் அப்புறம் எவன் என்னிடம் படிவம் கொடுப்பான்? கடையைப் பூட்டிக்கொண்டு நம் ஊர் கடையத்துக்கு வந்து வயலில்தான் இறங்க வேண்டும்.

வேறு ஒரு வழி இருக்கிறது. மூன்று நாளாக யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அந்த ஒப்புதலுக்குக் கீழே ஒரு வரி சேர்க்கிறேன். 'இயக்கியவர்: பரமசிவன்' என்று. தேதி, நேரம், எந்தக் கம்ப்யூட்டர் என்பதெல்லாம் பொருந்தி வரும்படி நானே எழுதிவிடுவேன். முதலிலிருந்தே இருந்த குறிப்பு மாதிரி இருக்கும். சர்வர் என் கையில், யாருக்கும் தெரியப் போவதில்லை. பிரிண்ட் எடுத்துக் குழுவிடம் கொடுத்துவிடலாம். நீ தப்பித்துவிடுவாய், பிள்ளை பரீட்சை எழுதுவாள். மென்பொருளும் கெட்டிக்கார மென்பொருள், ஆளைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நல்ல பேர் கிடைக்கும்.

பொய் என்று சொல்லாதே. அமுக்கியது அவர்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நடந்ததைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் தாமதமாக.

சரி என்று ஒரு வார்த்தை எழுது. அன்றைக்கே செய்துவிடுகிறேன்.

உன் தம்பி
தளவாய்


மேலகரம்
17 நவம்பர் 2025

தளவாய்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைக்க மாட்டேன். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். அடுத்த ரூமில் அந்தப் பிள்ளை சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது, அதைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தும்விட்டேன்.

எழுந்தவள் அப்படியே நின்றேன். உட்கார்ந்த இடத்திலிருந்து பரமசிவன் பெயரை உன்னால் எழுத முடியுமா? அப்படியென்றால் நாளைக்கு அனுசியா பெயரை எழுதலாம், வார்டன் பெயரை எழுதலாம், யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். என் பெயர் அங்கே விழுந்ததும் இதே மாதிரிதானே? அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்வதா? அவர் செய்தது உண்மையாகவே இருக்கட்டும். நான் பார்த்தேனா? நீ பார்த்தாயா?

இந்த ஊரில் எத்தனை பிள்ளைகள், தளவாய். ஃபீஸ் கட்ட முடியாதவர்கள், விடுதியில் தொந்தரவு என்று புகார் எழுதுகிறவர்கள், வெளியே சொல்ல முடியாத சீக்குக்கு மருத்துவ விடுப்பு கேட்கிறவர்கள். அத்தனையும் அந்தப் படிவத்தில்தான் வருகிறது. அதன் சாவி நினைத்ததை எழுதக்கூடிய ஒருவன் கையில் இருக்கிறது, அவன் என் தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறதுலே. உன்னை நினைத்துத்தான்.

உன் கடிதத்தைக் குழுவிடம் காட்டினாலே போதும், நான் தப்பித்துவிடுவேன். அதுவும் தோன்றியது. காட்ட மாட்டேன். கிழித்து அடுப்பில் போட்டாயிற்று.

20ஆம் தேதி சாயங்காலம் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன். கவனக்குறைவாக நான்தான் ஒப்புதல் கொடுத்தேன் என்று. பிள்ளை பரீட்சை எழுதட்டும். உன் சோலியை நீ பார். இதற்குப் பதில் எழுத வேண்டாம். வரவும் வேண்டாம்.

மாரிச்செல்வி


மேலகரம்
24 நவம்பர் 2025

தம்பி தளவாய்க்கு,

வெள்ளிக்கிழமை நீ வருவாய் என்று நான் நினைக்கவே இல்லை. ஐயப்ப சாமிமார் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்திருப்பாய், சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. குழு கூடும் அறை வாசல் பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன், ஏறெடுத்தும் பார்க்காமல் உள்ளே போனாய். வெளியே வந்தபோதும் பார்க்கவில்லை. ஓடிவந்து கூப்பிடுவதற்குள் ஆட்டோவில் ஏறிவிட்டாய். கோபம் இருக்கட்டும், அதற்காக ஒரு வாய் தண்ணீர் கூடக் குடிக்காமலா போவது?

உள்ளே நடந்ததை ஸ்ரீனிவாஸ் சார்தான் சொன்னார். சொல்லும்போது அவருக்கே வியர்த்தது. துணைவேந்தர் முன்னால் நின்று, பல்கலைக்கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போட்ட பிறந்தநாள் வாழ்த்திலிருந்து பதிவாளரின் பிறந்த தேதியை எடுத்தாயாமே! பட்டியலிலிருந்து ஊழியர் எண்ணையும் எடுத்து, சோதனைக்கு வைத்திருந்த ஊழியர் ராஜினாமா படிவத்தை அவர் பேரில் அனுப்பினாயாம். "பரமசிவன் அண்ணாச்சி பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று கேட்டதற்கு மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்களாம். பட்டனை அமுக்கினாயாம். 'பதிவாளரின் ராஜினாமா ஏற்கப்பட்டது. ஒப்புதல் அளித்தவர்: பதிவாளர்' என்று திரையில் வந்ததாம். அப்புறம் சர்வரைத் திறந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒப்புதல் அளித்தவர் பெயரைத் துணைவேந்தர் என்று மாற்றினாயாம். "அந்தப் பிள்ளை படிவத்துல எங்க அக்கா பேரு விழுந்ததும் இப்படித்தான். யாரு அமுக்கினான்னு என்னாலயும் சொல்ல முடியாது. இத வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை மூடினாயாம்.

நீ போனபிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். முந்தின நாளே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன் தளவாய், கையெழுத்துப் போட்டு, பரமசிவன் அண்ணாச்சி கையில். அந்தத் தாள் துணைவேந்தர் முன்னால் இருந்தது. அவர் அதைப் பதிவாளரிடம் தள்ளி, "நீங்கள் கேட்டு வாங்கியதுதானே?" என்றார்.

பதிவாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். படித்து முடித்து என்னை நிமிர்ந்து பார்த்தார். "அனுசியாங்கிறது யாரும்மா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெமோ அவருடையது இல்லை, டிராயரில் கிடந்த ரப்பர் ஸ்டாம்பு குத்தியது. கெடு அவர் வைத்தது இல்லை. 'பெரியவர் சொல்லச் சொன்னாவ' என்றதும் அவர் சொன்னது இல்லை. அப்படி ஒரு பிள்ளை இருப்பதே அவருக்குத் தெரியாது. யாரால் என் வேலை போகும் என்று நான் பயந்துகொண்டிருந்தேனோ, அந்த மனுஷன் இதில் எங்கேயும் இல்லை. கதவோரம் நின்ற பரமசிவன் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். "பெரியவர எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்…" என்று இழுத்தார். அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் செய்தாரா, நிஜமாகவே தொந்தரவு வேண்டாம் என்று நினைத்தாரா, எனக்கு இன்னும் தெரியவில்லை.

"அவ விலகவே இல்லய்யா. அவளுக்குத் தெரியாமலே எல்லாரும் சேந்து விலக்கிட்டோம்" என்றேன். அழக்கூடாது என்று வைத்திருந்தேன், முடியவில்லை. பதிவாளர் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கித் அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லித் தன் கையாலேயே உத்தரவு எழுதினார். பேனா அவருக்கு ஓடவில்லை, பழக்கம் விட்டுப் போயிருக்கிறது.

பெங்களூர் மென்பொருளை வாங்குவதாக முடிவு. பரமசிவன் அண்ணாச்சி விடுப்பில் போயிருக்கிறார். இன்று காலையில் அனுசியாவை நானே பரீட்சைக்கு அழைத்துப்போனேன். சித்தப்பா கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றார், உள்ளே வரவில்லை. மத்தியானம் பிள்ளை வந்து, "கடைசிக் கேள்வி மட்டும் சொதப்பிட்டேன் மேடம்" என்றது. நன்றாகத் திட்டினேன்.

உன் பையன்களிடம் என்ன சொன்னாய்? அதை எழுது.

அக்கா


கோவை
27 நவம்பர் 2025

அக்கா,

பையன்களிடம் உள்ளதைச் சொன்னேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். இங்கே ஒரு கல்லூரி பேச்சுவார்த்தையில் இருந்தது, ஸ்ரீனிவாஸ் சார் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர்களும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. மிச்சம் இருக்கிறவர்களோடு முதலிலிருந்து எழுதுகிறோம். யார் எதைத் தொட்டாலும் அவர்கள் பெயர் விழும், அதை நானே நினைத்தாலும் மாற்ற முடியாது. வாங்க ஆள் கிடைக்குமா என்று தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபம்தான். ஒரு போன் பண்ணி 'வாடா' என்று கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பேன், வரவேண்டாம் என்று எழுதினாய். வாசலில் உன்னைப் பார்த்தால் அங்கேயே சண்டை போடுவேன் என்றுதான் பார்க்காமல் போனேன். அந்த அறைக்குள் போகிற வரைக்கும், உன்னை விட்டுவிடச் சொல்லி வாதாடத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொன்னபடி முந்தின நாளே நீ நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டாய் என்பது உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். தம்பி வருவான் என்கிற நம்பிக்கை கொஞ்சம் கூட இல்லாமல் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ஆர்டர் போனதைக் கூட விட்டுவிடலாம், இதைத்தான் தாங்க முடியலக்கா. நான் அப்படிப்பட்டவனாகவா இருந்தேன் உனக்கு?

ஞாயிற்றுக்கிழமை வருதேன். கோபத்தோடதான் வருதேன். சோறு ஆக்கி வை.

தளவாய்